மாடி ஏறிய வாளிகள்

விடிந்தும் விடியாத நேரத்திலேயே குவாயகில் நகரத்து ஆஸ்பத்திரிகளிலிருந்து வாளிகள் வந்துவிடும். வெட்டியெடுத்த கர்ப்பப்பை, குடல், கட்டி. நெலிடா மூடியைத் திறப்பாள், சதையைக் கீறுவாள், அழுகாமல் காக்கும் பார்மலின் மருந்தில் முக்குவாள். தாமதித்தால் சதை தன்னைத்தானே தின்னத் தொடங்கிவிடும். பிறகு எந்த நுண்ணோக்கியில் வைத்தும் பயனில்லை. பரிசோதனைக்கூடத்தின் அந்த நிலவறைக்குச் சன்னல் கிடையாது. மருந்து நெடியை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி நின்று வருஷக்கணக்காகிறது. முதலாளி வில்லாசிஸ் டாக்டர் மாடியில் குளிர்சாதன அறையில் இருந்தார்.

அன்று அவர் கீழே இறங்கி வந்து ஒரு தட்டை மேசையில் தொப்பென்று வைத்தார். ஒரு பெண்ணின் மார்பு. வெளியே இறுகி, உள்ளே கொழகொழவென்று அழுகியிருந்தது.

"இதுல புத்துநோய் இருக்கா இல்லையான்னு இனி கடவுளாலயும் சொல்ல முடியாது. யார் போட்டது?"

"நான்தான் டாக்டர்," என்றாள் எலாடியா. நெலிடாவோடு ஒரே மேசையில் நின்று இளமையைத் தொலைத்தவள். "கீறித்தான் போட்டேன். முங்க முங்க ஊத்தினேன்."

"பொய் சொல்லாத. வீட்டுக்குப் போ. அந்தப் பொம்பளை கேஸ் போட்டா உன் பேரைத்தான் சொல்லுவேன்."

அவர் படியேறிப் போனார். எலாடியா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

போன வாரம் சேர்ந்த மார்சியா மூலையிலிருந்த பார்மலின் பீப்பாயின் மேல் குனிந்தாள். "அக்கா, நான் முன்ன இருந்த எடத்துல மூடியைத் திறந்தாலே கண்ணுல தண்ணி கொட்டும். இது சும்மா கெடக்கு. மருந்தா, வெறும் தண்ணியா?"

நெலிடா முகர்ந்தாள். ஒன்றும் தெரியவில்லை. அங்கே வேலை செய்த மற்ற பெண்களும் முகர்ந்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. நெலிடா அலமாரியில் சீல் வைத்திருந்த, தண்ணீர் கலக்காத கெட்டிப் பார்மலின் பாட்டிலைத் திறந்தாள். மார்சியா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள். மற்றவர்கள் எதுவும் உறைக்காமல் மரம்போல் நின்றார்கள். பீப்பாய் மருந்தை டாக்டரின் ஆள்தான் மாடியில் கலந்து கீழே இறக்குவான்.

"அட நாசமாப் போறவனே!" என்றாள் நெலிடா. "நம்ம மூக்கைக் கொன்னுட்டு, அப்புறம் தண்ணியக் கலந்திருக்கான். எவளுக்குத் தெரியும்னு!"

காபி மணத்தை அவள் மறந்து எத்தனை காலம்! பெற்ற பிள்ளையின் உச்சியை முகர்ந்தும் வாசம் தெரியாமல் போன வயிற்றெரிச்சல் அவளுக்குள் பொங்கியது. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு படியை நோக்கிப் பாய்ந்தாள்.

எலாடியா கையைப் பிடித்தாள். "மூஞ்சில ஊத்தப் போறியா? நீ ஜெயிலுக்குப் போவே. அவன் நல்ல ஆஸ்பத்திரியாப் பாத்துப் போவான்."

"அப்ப சும்மா விடச் சொல்றியா?"

"யாரு விடச் சொன்னா? இன்னைக்கு வந்த சதையெல்லாம் யாரோ ஒருத்தியோட உயிர்டி. அழுக விட முடியாது. வேலையச் செய்வோம். அவன் ரூம்ல செய்வோம்."

எலாடியா நெலிடாவின் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டாள். பிறகு மார்சியா ஒரு வாளியைத் தூக்கினாள். அடுத்தவள் கத்திகளை வாரினாள். மேசையை நால்வர் சேர்ந்து ஏற்றினார்கள்.

டாக்டரின் மூடிய அறைக்குள், அவர் கண்முன்னேயே, பார்மலினைச் சரியான கெட்டியில் புதிதாகக் கலந்தார்கள். அவர் கண்களிலிருந்து நீர் தாரைதாரையாக வழிந்தது. நெலிடா அதை ஆசைதீரப் பார்த்தாள். கூசவில்லை, இரங்கவுமில்லை.

"வெளிய போங்கடி! போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க டாக்டரு. அவங்க மூக்கு நல்லாத்தான இருக்கும்? கீழ இருக்கற பீப்பாயை மோந்து பாத்துச் சொல்லட்டும்," என்றாள் நெலிடா.

"எலாடியாவுக்குத் திரும்ப வேலை, கீழ விசிறி, மார்பை அறுத்த அந்தம்மாகிட்ட உண்மை," என்றாள் மார்சியா. "அதுவரைக்கும் இங்கதான்."

டாக்டர் இருமிக்கொண்டே தொலைபேசியைச் சுழற்றினார். எதற்கும் அவர் சரியென்று சொல்லவில்லை. தெருவில் போலீஸ் வண்டியின் சத்தம் கேட்டது. நெலிடா வாசலைப் பார்த்தாள். கத்தி மட்டும் நிற்கவில்லை.

கதவு திறந்தது. ஆஸ்பத்திரி வண்டிக்காரர் ஹசிந்தோ, கையில் புது வாளியோடு திகைத்து நின்றார்.

"இதை எங்க வைக்க?"

"இங்க!" என்றார்கள் எல்லோரும்.

அவர் டாக்டரைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். வாளியை நெலிடாவின் முன்னால் வைத்துவிட்டு, திரும்பிப் போகாமல், படியைப் பார்த்தபடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.