வியாழக்கிழமைத் தட்டு

என் கணவன் லூக்குவுக்கு இரண்டு மனைவிகள். ஒருத்தி நான். இன்னொருத்தி மறுவுலகத்தில் இருக்கிறாள். அவன் பிறக்கும் முன்னே அங்கே விட்டுவிட்டு வந்தவள்.

எனக்கு இரண்டு முறை கரு கலைந்தது. "அவ கோபமா இருக்கா" என்றாள் சாமியாடி. லூக்கு அந்த மனைவியை மரத்தில் செதுக்க வைத்துத் தன் அறையில் நிறுத்தினான். முழங்கை உயரம். கழுத்தில் மூன்று மடிப்பு. வியாழன் இரவு அவளுடையது என்று ஏற்பாடு. அன்று நான் பின்னறையில் படுப்பேன். கிழங்கை மசித்து, பனையெண்ணெய் விட்டு, அவித்த முட்டை வைத்து, அவளுக்கென்று தட்டில் போட்டு நானே லூக்குவிடம் கொடுத்தனுப்புவேன். உப்பு கூடாது. மூன்று வருடம். அவளை அக்கா என்றுதான் நினைத்தேன். இப்போது எனக்கு நான்காம் மாதம்.

வெள்ளி காலை லூக்கு தோட்டத்துக்குப் போனபின், கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க அவன் அறைக்குள் போனேன். அக்காவின் மடியில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. கழுத்திலிருந்து சுவர்வரை ஒட்டடை. தட்டைக் காணோம்.

தெருக்கோடியில், தையல்காரி அஹூசியின் வேலியில் அது காய்ந்துகொண்டிருந்தது.

"தட்டுக்கா வந்தே? எடுத்துக்க" என்றாள் அஹூசி. "சமையல் உன்னுதா? உப்பே போடத் தெரியாதா? வாராவாரம் நான்தான் போட்டுக்கறேன்."

"அது உனக்கு ஆக்கினதில்ல."

"தின்னது நான்தானே!" சிரித்தபடி ஊசியில் நூல் கோத்தாள்.

மதியம் லூக்கு வந்தான். தட்டைப் பார்த்தான்.

"எத்தனை வியாழன்?" என்று கேட்டேன்.

"ஆரம்பத்துல அறையில அவகூடத்தான் படுத்தேன், அமெனான். கனவுலகூட வரல. மரத்துகிட்ட என்ன பேசறது?"

"மெதுவாப் பேசு. அவ காதுல விழும்."

"நான் அங்க போனதால என்ன கெட்டுப்போச்சு? பிள்ளை தங்கிடுச்சில்ல?"

"இன்னும் அஞ்சு மாசம் இருக்கு, லூக்கு."

அவன் கால் கழுவப் போனான்.

அக்காவைப் பின்னறைக்குத் தூக்கி வந்தேன். மண்கூட்டை நகத்தால் சுரண்டினேன். எண்ணெய் தேய்த்தேன். மரம் குடித்துக்கொண்டே இருந்தது. மூன்று முறை தேய்த்தும் மினுங்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்று என்று கேட்க வாய் வரவில்லை. என் கையால் ஆக்கித்தானே அவளைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன். அதை அவள் நம்ப வேண்டும்.