டம்ளரை ஏன் கழுவினான்?

கல்வராயன் மலைப் புளி இறங்கிவிட்டால் கருணாபுரத்துப் பெண்கள் சிலருக்குக் கொட்டகையில்தான் பொழுது. ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுக்க வேண்டும். கைக்குத்தான் வேலை, காது சும்மா கிடக்கும். அதனால் அங்கே ஒரு வழக்கம். ஜெயசுதா கதைப் புத்தகம் படிப்பாள். அவள் பங்குப் புளியை மற்றவர்கள் பிரித்துக்கொண்டு தட்டிவிடுவார்கள். எட்டாவதோடு நின்றவள்தான். ஆனால் அவள் படித்தால் வில்லன் வில்லனாகவே உறுமுவான், மாமியார் மாமியாராகவே இழுப்பாள். அவளுக்கென்று இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

இந்தப் பங்குனியில் அவளும் சுத்தியல் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தாள். போன ஆனியில் கள்ளச்சாராயம் குடித்துச் செத்தவர்களில் அவள் புருஷன் மாயவனும் ஒருவன். அன்றிலிருந்து புத்தகத்தைத் திறந்தால் முதல் வரியிலேயே கண் நின்றுவிடும். எழுத்து தெரியும், அர்த்தமும் தெரியும். உள்ளேதான் எதுவும் இறங்காது. புருஷன் போனதற்கு ஊரே வந்து அழுதது. இது போனதை யாரிடம் சொல்லி அழுவது?

கொட்டகையிலேயே சின்னவள் கோகிலவாணி. அவள்தான் திருக்கோவிலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பழைய மாத நாவலை வாங்கிவந்து ஜெயசுதாவின் மடியில் போட்டாள்.

"லேசான கதக்கா. அழுவுற கத வாணாம்னு கடக்காரன்கிட்ட சொல்லியே வாங்கினேன். ஒரு கொல, ஒரு துப்பறியறவரு, அவ்ளோதான். படி."

"எனக்கு வராதுடி."

"நீ தட்டுற புளியில பாதி கொட்டையோட போவுது. மேஸ்திரி எங்களத்தான் திட்டுறான். நீ படிச்சாலே எங்களுக்கு வேல கம்மிக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் ஜெயசுதா அட்டையைப் புரட்டினாள்.

பங்களா, மழை, கரண்டு போன இருட்டு. முதல் பக்கம் ஓடிவிட்டது. இரண்டாவதும் ஓடியது. அவளுக்கே நம்ப முடியவில்லை. குரல் பழையபடி ஏறி இறங்கியது. சுத்தியல்கள் மெதுவாகத் தட்டின.

மூன்றாம் பக்கத்தில் முதலாளி சாராய டம்ளரை எடுக்கிறார். அதில் யாரோ விஷம் கலந்திருக்கிறார்கள்.

வாய்க்கு முன்னால் கண் முந்திக்கொண்டு பார்த்துவிட்டது. எதிரே அமிர்தம் உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் வெற்றிவேல், மாயவனோடு ஒரே சாராயப் பாக்கெட்டைப் பங்குபோட்டுக் குடித்துச் செத்தவன். ஜெயசுதா டம்ளரைப் படிக்காமல் தாண்டினாள். முதலாளியை மொட்டை மாடிக்கு நடத்திப்போய்ப் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள்.

அப்புறம் அவள் பட்ட பாட்டைக் கேளுங்கள் கண்ணுகளா. விஷம் என்று வந்த இடத்திலெல்லாம் மாடி என்று படித்தாள். டாக்டர் குடலைச் சோதித்ததை மண்டையைச் சோதித்ததாக்கினாள். பார்ப்பது ஒன்று, பேசுவது ஒன்று; வேர்த்துக் கொட்டியது. அந்த அவசரத்தில் ஒரு வரி அப்படியே வாயிலிருந்து விழுந்துவிட்டது. துப்பறிபவர் சமையல்காரனைப் பிடித்து, "அந்த டம்ளரை ஏன் கழுவினாய்?" என்று கேட்டார்.

அமிர்தத்தின் சுத்தியல் நின்றது.

"ஏன்டி, மாடியிலிருந்து தள்ளிவுட்டவன் டம்ளர எதுக்குக் கழுவுறான்?"

"அது... தண்ணி குடிச்ச டம்ளரு அத்த."

"தண்ணி குடிச்ச டம்ளருக்கு இவ்ளோ வெசாரணையா? அதுல இன்னா இருந்திச்சோ அதப் படி. என் புள்ள செத்தது எனக்குத் தெரியாதா, நீ மறைக்கிறதுக்கு?"

"நான் சொல்லித்தான் வாங்கினேன் அத்த, அந்தக் கடக்காரன்..." என்று ஆரம்பித்தாள் கோகிலவாணி.

"நீ கம்முனு இரு."

ஜெயசுதா மூன்றாம் பக்கத்துக்குத் திரும்பி, உள்ளது உள்ளபடி படித்தாள். முதலாளி குடித்தார், நெஞ்சைப் பிடித்தார், நாற்காலியில் சாய்ந்தார்.

"அவ்ளோதானா?" என்றாள் அமிர்தம். "கண்ணு தெரியலன்னு என் புள்ள மாதிரி கத்தலியா?"

"இல்ல அத்த."

"குடுத்து வெச்சவன்."

சுத்தியல்கள் மறுபடி தட்டின. ஜெயசுதா படித்துக்கொண்டே போனாள். துப்பறிபவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். செத்தவருக்கு என்ன பிடிக்கும், கடைசியாக யாரிடம் சிரித்துப் பேசினார் என்று தோட்டக்காரன் வரை விசாரித்தார். வெயில் சாய்வதற்குள் கொலைகாரன் கையில் விலங்கு ஏறியது. கோகிலவாணி பழக்கத்தில் கையைத் தட்டிவிட்டு, சட்டென்று மடியில் வைத்துக்கொண்டாள்.

அமிர்தம் மெல்லச் சொன்னாள். "இவனுக்கு இன்னா புடிக்கும்னு எல்லாம் கேக்குறாங்க. நம்ம வூட்டுக்கும்தான் காரு காரா ஆபீசருங்க வந்தாங்க. என் புள்ள தெனமும் குடிப்பானான்னு கேட்டாங்க. வேற ஒண்ணுமே கேக்கல."

ஜெயசுதா புத்தகத்தை மூடப் போனாள்.

"இரு. அந்த ஆளு பொண்டாட்டி அப்புறம் இன்னா ஆனா?"

முதலாளியின் மனைவி ஐந்தாம் பக்கத்தில் ஒருமுறை விசும்பியதோடு சரி. "எழுதல அத்த."

"நல்லாப் பாரு."

கடைசித் தாளைத் திருப்பினாள். மூட்டுவலித் தைலத்தின் விளம்பரம்தான் இருந்தது. நிறுத்தியிருக்கலாம். இத்தனை மாதமாக நகராத கண், இப்போது நிற்கமாட்டேன் என்றது. சேரும் மூலிகைகள், தடவும் வேளை, கிடைக்கும் இடம், கடைக்கு எதிரே இருக்கும் கோயில் வரை ஓர் எழுத்து விடாமல் சத்தமாகப் படித்து முடித்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் பிசகவில்லை.

"பரவால்ல," என்றாள் அமிர்தம். "தைலத்துக்காவது முழுசா எழுதியிருக்கான்."