முதுகைப் பார்க்க ஓர் ஆள்

தேவர்சோலைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், இலை எடை போடும் கொட்டகைக்கு முன்னால் ஜீப்பை நிறுத்தி, சுகாதார ஆய்வாளர் சில்வஸ்டர் ஒலிபெருக்கியைப் போட்டான். தமிழ், மலையாளம், இந்தி. காய்ச்சலோடு உடம்பில் கருப்புப் பொருக்கும் இருந்தால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். சீக்கிரம் வந்தால் மாத்திரையிலேயே சரியாகிவிடும்.

ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். போன வாரமும் இப்படித்தான் ஆட்டினார்கள். அவர்களில் ஒருத்தி இப்போது ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள். தொழிலாளர் லைன் வீடுகளில் இன்னொருத்திக்கும் காய்ச்சல் என்று கேள்வி. யாரென்று தெரியவில்லை.

"இந்தி புரியலையா இவங்களுக்கு?" என்று எத்வாரியிடம் கேட்டான். அவளும் ஜார்க்கண்டுக்காரிதான். கூட இலை பறிக்கும் மரகதத்திடம் தமிழ் கற்றவள். வசவையும் சேர்த்தே கற்றிருந்தாள்.

"புரியுது சார். பொருக்குதான் எல்லாருக்கும் இருக்கே." மழைக்கு இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாளைத் தொட்டுக் காட்டினாள். அதன் கயிறு அறுத்து அறுத்து, புண் கருத்துக் காய்ந்துவிடும். "கயிறுதான்னு விட்டுடுவோம்."

அவன் செல்போனில் படத்தைக் காட்டினான். சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு வட்டம். "இது கயிறு படாத எடத்துலயும் வரும், அக்குள், மாரடியிலகூட. வலிக்காது."

"அய்யோ, இதை இந்தியில சொன்னா வெக்கப்படுவாங்க. நாங்க பேசுற சாத்ரியில, பொம்பள சொல்லணும்."

"அப்ப நீங்களே பேசுங்க. பதிஞ்சுக்கறேன்."

"இவ பேசுனா மைக்குக்கே காய்ச்சல் வந்துரும் சார்" என்றாள் மரகதம்.

எத்வாரி அவளை முறைத்துவிட்டு, செல்போனில் சாத்ரியில் பேசினாள். என்ன சொன்னாளென்று அவன் கேட்டான்.

"அக்குள், மாரடி, முதுகு எல்லாம் பாருங்க. கண்ணுக்கு எட்டாத எடத்தை வீட்டுல இருக்கறவங்களைப் பார்க்கச் சொல்லுங்கன்னேன்."

சில்வஸ்டர் பதிவை நிறுத்தினான். அவன் காட்டுக்குள் போய்வந்தால் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகில் அட்டை கடித்திருக்கிறதா என்று மனைவி ஜெபிஷா பார்ப்பாள். அவள் இறந்து ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது.

"வீட்டுல யாரும் இல்லாதவங்க?" என்றான்.

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள்.

"எங்கிட்ட வாங்கன்னும் சேர்த்துச் சொல்றேன்" என்றாள் எத்வாரி.

மறுநாள் எடை நேரத்தில் ஒலிபெருக்கியில் அவள் குரல் ஒலித்தது. பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஒருத்தி அவளைப் போலவே பேசிக் காட்டினாள். பிறகு சிரிப்பு அடங்கியது.

சாயங்காலம் எத்வாரியின் வாசலில் புத்னி வந்து நின்றாள். கடைசி வீட்டில் தனியாக இருப்பவள். புருஷன் கோயம்புத்தூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். எத்வாரி அவளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள். சில்வஸ்டர் தூறலில் ஜீப்போரம் காத்திருந்தான்.

கதவு திறந்தது. "இருக்கு சார். தோள்பட்டைக்குக் கீழ. உடம்பு கொதிக்குது."

கூட வந்த மரகதம் ஜீப்பில் தன் சால்வையைப் புத்னிக்குப் போர்த்தினாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு, புத்னி சில்வஸ்டரைப் பார்த்து மெல்ல ஏதோ கேட்டாள்.

எத்வாரி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நீங்களும் காட்டுலதான சுத்தறீங்க, உங்களுக்கு யார் பார்க்கறாங்கன்னு கேக்கறா."

அவன் மீதி மாத்திரைகளை எண்ணி உறையில் போட்டான்.

"எங்க வீட்டுக்காரர் சும்மாதான் கெடக்கறாரு" என்றாள் மரகதம். "நாளைக்கு வந்து சட்டையைக் கழட்டுங்க சார். கண்ணாடி போட்டுக்கிட்டுப் பார்க்கச் சொல்றேன்."

"சரிங்கக்கா" என்றான்.

மறுநாள் போகவும் செய்தான்.