ஒப்புக்குச் சப்பாணி

வாண்டுக்குப் பிறக்கும்போதே பெருமூளை வாதம். கைக்கும் வாய்க்கும் ஒரு குறையும் இல்லை. வாய் கொஞ்சம் அதிகமே. கால்கள்தான் விறைத்துக்கொண்டு, முழங்கால்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். வாக்கரைப் பிடித்துக்கொண்டால் அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தை மெதுவாகச் சுற்றி வருவாள்.

அவள் அம்மாவுக்கு ஆயத்த ஆடை ஆலையில் சட்டைக் காலர் தைக்கிற வேலை. காலையில் எழுந்ததும் வாண்டைப் பாயில் கிடத்தி, கால்களை நீட்டி மடக்கி, அவள் கத்தக் கத்தப் பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவாள். அப்பா லாரி ஓட்டுபவர். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போவார். பிள்ளைகள் இரண்டையும் அம்மா ஒற்றை ஆளாகத்தான் பார்த்துக்கொண்டாள்.

"பயிற்சி சரிதான்மா," என்று தெரபி மேடம் ஒருமுறை கேட்டார். "மத்த நேரம் என்ன பண்றா? நாலு பசங்களோட கலந்து ஏதாவது செய்யணும். இந்த ரூமுக்குள்ள மட்டும் நடந்து என்ன ஆகப் போகுது?"

"தினம் சாயங்காலம் கீழ விளையாடப் போறா மேடம்," என்றாள் அம்மா. சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. "இவ அக்காதான் கூட்டிட்டுப் போவா. வீட்டுக்கு வரும்போது பாக்கணுமே, வேர்த்து விறுவிறுத்து, ஒரே சிரிப்பு."

"என்ன விளையாடுவா?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. மகள் விளையாடுகிற நேரத்தில் அவள் வீட்டில் இருந்ததே இல்லை.

அதற்கடுத்த வாரம் ஆலையில் மின்சாரம் போய், எல்லோரையும் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். அம்மா குடியிருப்புக்குள் நுழையும்போது முற்றத்தில் ஒரே கூச்சல். நிறுத்தியிருந்த பைக்குகளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். தொட்டுப் பிடிக்கிற ஆட்டம். எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுகிற மூன்றாம் மாடிப் பையன் துரத்திக்கொண்டிருந்தான். பிள்ளைகள் தெறித்து ஓடினார்கள். நடுவில் வாண்டு, வாக்கரை இழுத்துக்கொண்டு, "என்னைப் பிடி! என்னைப் பிடி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கேப்டன் அவளைத் தூண் மாதிரி சுற்றிக்கொண்டு ஓடினான். கை எட்டுகிற தூரத்தில்தான் அவள் நின்றாள். அவன் தொடவில்லை. யாருமே தொடவில்லை. கிட்டே வந்த கேப்டனின் சட்டையை வாண்டே எட்டிப் பிடித்தபோது, அவன் அதை விடுவித்துக்கொண்டு ஓடினான். அதுவும் கணக்கில் இல்லை.

அம்மா பெரியவளைக் கையசைத்து அழைத்தாள்.

"ஏண்டி, அவள ஏன் யாரும் தொட மாட்டேங்குறீங்க?"

பெரியவள் மூச்சு வாங்கினாள். "அவ ஒப்புக்குச் சப்பாணிம்மா."

சின்னக் குழந்தைகளை ஆட்டத்தில் பேருக்குச் சேர்த்துக்கொண்டு எங்கும் எவரும் சொல்கிற வார்த்தைதான். அம்மாவே சிறுமியாக இருந்தபோது எத்தனையோ பேரைச் சொல்லியிருக்கிறாள். ஆனால் இப்போது அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கை தானாக ஓங்கிவிட்டது. பளாரென்ற சத்தத்தில் முற்றமே அமைதியானது.

"நான் என்னம்மா பண்ணேன்?" பெரியவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் கெஞ்சித்தான் சேர்த்துக்கிட்டாங்க. நிஜமா சேர்த்தா ஆட்டம் கெட்டுப்போகும்னு கேப்டன் சொல்றான்."

அம்மா முற்றத்து நடுவில் போய் நின்றாள். "இங்க பாருங்கடா. ஆடினா எல்லாரும் ஒழுங்கா ஆடணும். அவளைத் தொட்டா அவளும் அவுட். தெரியுதா?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேப்டன் தயங்கித் தயங்கி வந்து வாண்டின் தோளைத் தொட்டான்.

"அம்மா! நான் அவுட்டு!" வாண்டு குதூகலித்தாள். ஒரு பக்கம் வாக்கர் சாய, விழப் பார்த்துச் சமாளித்தாள். "நான் அவுட் ஆயிட்டேம்மா!"

அவுட் ஆனவள் பிடிக்க வேண்டும். வாண்டு கிளம்பினாள். பிள்ளைகள் ஓடினார்கள், கொஞ்ச தூரம் போய் நின்றார்கள், அவள் நெருங்கியதும் நாலடி தள்ளி நின்றார்கள். முதலில் எல்லோருக்கும் சிரிப்பு. பிறகு ஒருத்தி தரையில் உட்கார்ந்தாள். இன்னொருவன் செருப்பை நோண்டினான். அம்மா பார்த்துக்கொண்டே இருந்ததால் யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை. வாண்டின் உள்ளங்கைகள் சிவந்தன. பெரியவள் வேண்டுமென்றே மெதுவாக ஓடி அகப்படப் பார்த்தாள். "ஏமாத்தாதக்கா!" என்று வாண்டு சீறினாள்.

"மொட்டை மாடிக்குப் போலாமாடா? அங்க காத்து வரும்," என்றான் கேப்டன். அவ்வளவுதான். ஒரு நொடியில் முற்றம் காலியானது. படிகளில் தடதடவென்று கால்கள் ஏறிய சத்தம் மட்டும் கேட்டது.

வாண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒப்புக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள். "நீ ஏம்மா கேட்ட?"

அன்றிலிருந்து ஆட்டம் மாடியிலேயே நடந்தது. வாண்டு விடுவதாக இல்லை. அம்மா மேற்பார்வையாளரின் கையைக் காலைப் பிடித்து, மதியத்திலேயே முடிகிற காலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டாள். சாயங்காலமானால் வாண்டு கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஏறுவாள். அம்மா வாக்கரைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவாள். தூக்கிப் போகிறேன் என்றால் கடிக்க வருவாள். அவள் பாதிப் படி ஏறுவதற்குள் ஆட்டம் முடிந்து பிள்ளைகள் இறங்கி வருவார்கள். "பாத்து வாண்டு, விழுந்துடப் போற," என்று அக்கறையாகச் சொல்லி, சுவரோடு ஒட்டிக்கொண்டு இறங்கிப் போவார்கள். யாரையும் திட்ட முடியாது. அவர்கள் கெட்ட பிள்ளைகளும் இல்லை.

கால்கள் தேறின. தெரபி மேடம் வந்திருந்த பெற்றோர்களிடமெல்லாம் வாண்டைக் காட்டி, "மாடிப்படி ஏறுறா பாருங்க!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். வாண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள், வெளிச்சம் இருக்கும்போதே அவள் மாடிக்கு ஏறிவிட்டாள். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் அம்மாவைக் கண்டதும் ஓட்டம் அப்படியே நின்றது. பெரியவள் குனிந்துகொண்டாள்.

"நேரமாச்சுடா, இறங்கலாம்," என்று கேப்டன் முணுமுணுத்தான்.

வாண்டு மூச்சிரைக்க நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு அம்மாவை.

"வாக்கரைக் குடுத்துட்டு நீ கீழ போம்மா."

"ஏண்டி தங்கம்?"

"போன்னா போ."

அம்மா வாக்கரை வைத்துவிட்டு இறங்கினாள். முதல் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் மேலே வாண்டின் குரல் கேட்டது.

"நான் ஒப்புக்குத்தான்! யாரும் என்னைத் தொட வேணாம். ஆடுங்கடா!"

பிறகு கூரை அதிர ஓட்டம் தொடங்கியது. நடுவே வாக்கர் சிமெண்டுத் தரையில் உரசுகிற சத்தம். எல்லோர் குரலையும் மீறி வாண்டின் சிரிப்பு.

திரும்பி ஏறிப்போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்கு இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு மிச்சப் படிகளை இறங்கினாள்.