சட்டம்பியார் தாழ்ந்த வரலாறு

1930ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு ஆராதனையில், எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமைச் சட்டம்பியார் றிச்சர்ட் செல்வத்துரை, முன்வரிசையில் நின்று பாடிக்கொண்டிருக்கும்போதே கணுக்கால்வரை நிலத்துக்குள் இறங்கினார். சாந்துத் தரை வெடிக்கவில்லை. தண்ணீரைப்போல விலகி அவருடைய காலைச் சுற்றி மூடிக்கொண்டது. பாட்டின் கடைசி அடிவரை அவர் சுருதி தவறவில்லை. அந்த வருஷம் புகையிலை விலையும் இறங்கியிருந்தபடியால், கொக்குவிலுக்கும் மானிப்பாய்க்கும் இடையிலிருந்த எங்கள் சிறிய சபையில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. சப்பாத்துப் பழுதாகிவிடுமே என்றுதான் அவருடைய மனைவி பியாட்றிஸ் கவலைப்பட்டார்.

எங்கள் சபையில் நல்லவர் யார் என்று கேட்டால், நாங்கள் ஒவ்வொருவரும் முதலில் எங்களை நினைத்துவிட்டு, பிறகு அடக்கத்தோடு சட்டம்பியாரின் பெயரைச் சொல்வோம். காய்ச்சல் காலத்தில் வீடுவீடாகக் கொயினா மருந்து கொடுத்தவர் அவர். கைம்பெண்களுக்குக் கஞ்சி கொண்டுபோனவர். மனிதன் விசுவாசத்தினால் மட்டுமே இரட்சிக்கப்படுகிறான், அது தேவன் சும்மா தருவது, உழைத்துப் பெறமுடியாது என்று ஞாயிறு பள்ளியில் அவர் படிப்பித்தால் கல்லும் கேட்கும். நாங்களும் அதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டோம். ஆனாலும் தேவனுக்கு ஆயிரம் வேலை. எங்களுடைய விசுவாசம் ஒருவேளை அவர் கண்ணில் படாமல் போனால் என்ன செய்வது என்று, கைகாவலாகக் கொஞ்சம் நற்கிரியைகளையும் சேர்த்து வைத்திருந்தோம். எங்கள் எல்லோரையும்விடச் சட்டம்பியார் அதிகம் சேர்த்திருந்தார்.

இறங்கிய பிறகும் நடப்பதற்கு அவருக்குத் தடையிருக்கவில்லை. சேற்று வயலில் நடப்பவரைப்போல மண்ணை விலக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வந்தார். மானிப்பாய் பஸ்ஸில் ஏறினால் பாதங்கள் பலகைக்குக் கீழே தொங்கி றோட்டில் உரசின என்பதால் பஸ்ஸை மட்டும் விட்டுவிட்டார். ஆஸ்பத்திரி டாக்குத்தர் வெளியே தெரிந்த பகுதியைச் சோதித்துவிட்டு, தெரிகிற மட்டும் சுகமாயிருக்கிறார் என்றார். சபைக் கமிட்டி கூடி, நற்கிரியைகள் போதாமல் இருக்கலாம் என்று தீர்மானித்தது. அவர் இன்னும் அதிகமாகக் கஞ்சி கொண்டுபோனார், முழங்கால்வரை இறங்கினார். இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்கப் போன வழியில் இடுப்புவரை போய்விட்டார். அப்படியானால் பாவம் செய்துபார்க்கலாமே என்று எங்களில் ஒருவர் யோசனை சொன்னார். அவரும் கூச்சத்தோடு பள்ளிப் பரிசோதகரிடம் ஒரு பொய் சொன்னார். பொய் பலித்தது, ஆனால் அவர் உயரவில்லை. பக்கத்துக் காணிச் சைவக்காரர் நமசிவாயம் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, "கர்மம் எண்டு நாங்கள் சொன்னா உங்கடை ஆக்கள் சிரிப்பினம். இப்ப பாருங்கோ சட்டம்பியார்" என்றார். எங்களுக்கு அவர்மீது பெருங்கோபம் வந்தது. நாங்களும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பியாட்றிஸ் சாப்பாட்டு மேசையின் கால்களைத் தறிப்பித்தார். பிறகு அதுவும் உயரமாகிவிட, தரையில் உட்கார்ந்து கணவருக்கு எதிரே சோற்றுக் கோப்பையை வைத்தார். ஒருநாள் மத்தியானம் சோற்றில் கைவைத்தபடி சட்டம்பியார் அழுதார்.

"பியாட்றிஸ், நான் மேலை போறதுக்கெண்டுதானே எல்லாம் செய்தனான். கீழை போறன்."

"இஞ்சாருங்கோ, கீழை சுண்ணாம்புக்கல்லு இருக்கு. அதிலை தட்டுப்படும்" என்றார் பியாட்றிஸ். சொன்ன அவருக்கே அதில் நம்பிக்கை இருக்கவில்லை. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து நகர்ந்து கணவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார், பிடித்தால் நிற்கும் என்பதுபோல.

1932இல் சட்டம்பியார் மார்புவரை இறங்கியிருந்தார். எங்கள் கோயிலில் முன்பக்கம் உட்காருவதற்குச் சாய்வு வைத்த மரவாங்குகள், அவை எங்களுக்கு. பின்பக்கம் பாய்கள்; அவை, எங்களோடு சரியாசனத்தில் இருக்கக்கூடாதவர்கள் என்று நாங்கள் வைத்திருந்தவர்களுக்கு. வாங்குகளுக்கு நடுவே நின்றால் சட்டம்பியாருக்குப் பலகையைத் தவிர வேறொன்றும் தெரியாது. பிரசங்கபீடத்தைப் பார்ப்பதற்காக அவர் பின்னுக்கு, பாய்ப்பக்கம் போனார். அங்கே அவருடைய தலையும் உட்கார்ந்திருந்தவர்களின் தலையும் ஒரே மட்டத்தில் இருந்தன. பக்கத்தில் புகையிலைத் தோட்டத்துக் கூலிக்காரி சின்னாச்சி. அவளுக்கு அவர் மருந்து கொடுத்திருக்கிறார், எழுத்துப் படிப்பித்திருக்கிறார். அவளுடைய கையிலிருந்து எதையும் வாங்கியதில்லை. வாங்கக்கூடாது என்பது ஊர்வழக்கம். அதை நாங்கள் மிஷன் வருவதற்கு முன்பிருந்தே விசுவாசித்து வந்தோம்.

அன்று போதகர் சோமசேகரம் விசுவாசத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். வெக்கை தாங்கவில்லை. சட்டம்பியாரின் உதடு வெடித்திருப்பதைக் கண்ட சின்னாச்சி, தான் கொண்டுவந்திருந்த தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையில் நீட்டினாள்.

"ஐயா, கொஞ்சம் தண்ணி குடியுங்கோவன்."

"வேண்டாம் சின்னாச்சி. நான் சமாளிப்பன்" என்றார் அவர். அந்தச் சொல்லோடு கழுத்தும் தாண்டி நாடிவரை போனார்.

யாரோ கத்த, நாங்கள் எல்லோரும் திரும்பினோம். போதகர் பிரசங்கத்தை நிறுத்தினார், அது அவருக்கு வழக்கமில்லை. எங்களில் இரண்டுபேர் வெள்ளிச் செம்பு எடுத்துவரப் போதகர் வீட்டுக்கு ஓடினார்கள். மிச்சப்பேர், அந்தத் தண்ணீரைச் செம்பில் ஊற்றினால் தீட்டுத் தீருமா, செம்புக்கும் தீட்டு வருமா என்று தர்க்கப்பட்டோம். பியாட்றிஸ் மட்டும் வாங்கின்மேல் ஏறிநின்று, "இஞ்சாருங்கோ, வாங்கிக் குடியுங்கோ!" என்று கூவினார்.

மண் சட்டம்பியாரின் கீழுதட்டைத் தொட்டது. "சின்னாச்சி, நான் இப்ப என்ன செய்யவேணும்?" என்றார்.

நெடுநேரம் நீட்டிப்பிடித்துக் கை உளைந்துபோயிருந்த சின்னாச்சிக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஒண்டும் செய்யவேண்டாம். வாயைத் திறவுங்கோ. அது மட்டும் காணும்."

அவர் வாயைத் திறந்தார். அவள் ஊற்றினாள். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தால் வழிந்தது. சிரட்டையை வைத்துவிட்டுச் சின்னாச்சி அவருடைய கோட்டுக் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். பனங்கிழங்கு வருவதுபோல அவர் முழுதாக வெளியே வந்தார். செம்மண் ஒரு துளிகூட ஒட்டியிருக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில், பாயில் உட்கார்ந்து சிறுபிள்ளையைப்போல விக்கினார். செம்போடு ஓடிவந்தவர்கள் அதை என்ன செய்வதென்று தெரியாமல் மாறிமாறிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில், சட்டம்பியார் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தபடி, "இவ்வளவு காலமும் நான் படிப்பிச்ச பாடத்திலை நானே பெயில், பியாட்றிஸ்" என்றார். சொல்லிவிட்டு றோட்டில் நின்று சிரித்தார். அதன்பிறகும் கஞ்சி கொண்டுபோனார், கொயினா கொடுத்தார். நிலம் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாயிலேயே இருந்தார். அவளைச் சின்னாச்சி அக்கா என்று கூப்பிடத் தொடங்கினார், முதலில் சின்னாச்சிதான் அதற்கு வெட்கப்பட்டாள்.

அடுத்த மாரியோடு வாங்குகள் இறங்கத் தொடங்கின, எங்களையும் வைத்துக்கொண்டு. முதலில் கவனித்தவர்கள் சொல்லவில்லை. வயது போனால் முழங்கால் உயரும் என்று எங்களுக்குள் ஒரு விளக்கம் இருந்தது. தச்சனைக் கூப்பிட்டுக் கட்டை வைத்து உயர்த்தினோம், கட்டையும் போனது. 1936 அளவில் எல்லா வாங்குகளும் தரைமட்டத்துக்கு வந்துவிட, நாங்கள் கோட்டும் தலைப்பாகையுமாக மற்றவர்களோடு ஒரே நிலத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்களுடைய தாழ்மையைக் கண்டு மெச்சுவதாக வெளியூரிலிருந்து வந்த ஒரு மிஷனரி சொன்னார். நாங்கள் மறுக்கவில்லை.

1941இல் கமிட்டி கொழும்பில் புதிய தேக்கு வாங்குகள் செய்வித்து, ரயிலில் கொக்குவிலுக்கு எடுப்பித்தது. அவை பெந்தெகொஸ்தே ஞாயிறுவரை தாங்கின. பிறகு அவையும் இறங்கின. மேலே பாயை விரித்துவிட்டு ஆராதனையைத் தொடங்கினோம்.