ஒரே ஒரு பார்வையாளருக்கான நேரலை

1.

இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சுவர் மெலிது, எனக்குக் காது கூர்மை. மற்றதெல்லாம் தானாக நடந்தது.

முதல் வரியை மூன்று முறை எழுதினேன்.

தன் ஒரே மகளின் கல்யாணத்தைக் கைபேசியில் பார்க்கும் ஒரு தாயின்—

(வேண்டாம். இப்போதே கைக்குட்டையைத் தேடுவீர்கள். அவ்வளவு சுலபமாக உங்களை அழவிட எனக்கு மனமில்லை.)

நல்ல நேரலைக்கு ஐந்து விஷயங்கள் வேண்டும். வெளிச்சம், ஒலி, ஆடாத படம், அறுந்து போகாத இணையம், ஐந்தாவதாக—

(ஐந்தாவதை இப்போதே சொன்னால் கதை இரண்டாம் பக்கத்திலேயே முடிந்துவிடும்.)

லிஃப்ட் மெக்கானிக் எதையும் மூன்று முறை சோதித்துத்தான் விடுவான்.

இது நிற்கிறது. இப்படியே போவோம்.

2.

லிஃப்ட் மெக்கானிக் என்றால் எங்கள் பக்கத்து வீட்டுத் தையலக்காவின் தம்பி. அக்கா பதினோரு வருஷத்துக்கு முன் கட்டியவரை விட்டுவிட்டு ஒரு தையல் மிஷினோடு இந்தத் தெருவுக்கு வந்தவள். ஏன் விட்டாள் என்பதற்குத் தெருவில் ஆறு காரணங்கள் உலவுகின்றன. அவற்றில் இரண்டு நான் சொன்னவை.

மகள் அப்பாவோடு தங்கிவிட்டாள். இப்போது அவளுக்குக் கல்யாணம். அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: 'அவ வாசல மிதிச்சா, இந்தக் கல்யாணம் நடக்காது.' அக்கா கூடாது, அக்காவின் தம்பி வரலாம். மண்டபத்தில் நாற்காலி இழுத்துப் போட ஆள் வேண்டாமா?

தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டானாம். "மாமா, நான் போன்ல கொஞ்சம் படம் எடுக்கட்டுமா?"

"எடுத்துக்கோ. ஆனா லைவ் கீவ்னு எதுவும் கூடாது. கண்டவங்களும் உக்காந்து பாப்பாங்க."

கண்டவங்க யார் என்று இருவருக்கும் தெரியும்.

3.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவன் பழகினான். தன் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டுவதை நேரலை விட்டான். அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாள், இன்னொரு போனில் ஸ்பீக்கரைப் போட்டு அவனோடு பேசினாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன்.

"என்னடா, கொழா பச்சையா தெரியுது?"

"லைட்டு அப்படிக்கா. ஜன்னலப் பக்கவாட்டுல வெச்சுக்கறேன்."

"சத்தம் கிணத்துக்குள்ள இருந்து வருது."

"மண்டபத்துல மைக்க மேசை மேல பூச்சாடிக்குள்ள ஒளிச்சு வெச்சிருவேன். சரியா வரும்."

அழைப்பு வந்தால் படம் அறுந்துவிடும் என்பதற்காகப் பழைய போன், புது சிம். முக்காலியின் கால்களைத் தரையோடு ஒட்ட டேப். யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாத, லிங்க் இருந்தால் மட்டும் திறக்கிற நேரலை. கருத்து எழுதும் பெட்டியை மட்டும் மூடவில்லை. 'இடது பக்கம் திருப்பு' என்று அக்கா சொல்ல வேறு வழியில்லை.

ஒன்றை மட்டும் அவனால் சரிசெய்ய முடியவில்லை. மண்டபத்தில் நடப்பது அக்காவுக்கு வந்து சேர முப்பது விநாடி ஆகும். "பரவால்லடா," என்றாள் அக்கா. "பதினோரு வருஷம் பிந்திட்டேன். இன்னும் அர நிமிஷந்தான?"

(இந்த வசனத்தை நான் எழுதியதாக நினைக்காதீர்கள். எனக்கு இவ்வளவு வராது.)

4.

கல்யாணத்தன்று காலை பத்து மணிக்குத் திரையின் மூலையில் '1 பார்வையாளர்' என்று இருந்தது. பத்தே காலுக்கு 146.

இங்கே லிங்க் எப்படி வெளியே போனது என்று நான் சொல்லியாக வேண்டும்.

முதல் வடிவம்: பதற்றத்தில் தம்பியே தப்பான குழுவில் போட்டுவிட்டான். (மூன்று முறை சோதிக்கிற ஆள். நம்ப மாட்டீர்கள்.)

இரண்டாம் வடிவம்: கல்யாணப் பெண்ணின் அத்தை, அதாவது மாமாவின் தங்கை, அவன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து— (அத்தைக்குக் கண்ணாடி இல்லாமல் சாம்பார் எது ரசம் எது என்றே தெரியாது.)

மூன்றாவது வடிவத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன்.

5.

மண்டபத்தில் நடந்தது நான் திரையில் பார்த்ததும், பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டதும்.

வெளியூர்ச் சொந்தக்காரர்கள் அத்தைக்குப் போன் போட்டு, "லைவ் பிரமாதமா இருக்கு" என்றார்கள். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. தம்பியிடம் வந்து, "சொல்லவே இல்லியே நீ! எத்தன பேருப்பா? நூத்தி நாப்பதா?" என்று அவன் கையிலிருந்த இரண்டாவது போனைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். 'வாழ்த்துகள்', 'ஜோடிப் பொருத்தம் அருமை', இதயம், இதயம், பூ.

நடுவில் பெயரில்லாத ஒரு கணக்கிலிருந்து ஒரு வரி:

'இடது தோள்ல ஊக்கு வெளிய தெரியுது. உள்ள தள்ளச் சொல்லு.'

நூற்று நாற்பத்தாறு பேரில் நூற்று நாற்பத்தைந்து பேர் பெண்ணைப் பார்த்தார்கள். ஒருத்தி தையலைப் பார்த்தாள். வேறு கை தைத்த ரவிக்கை, பொறுக்குமா? பதினோரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவளால் ஓர் ஊக்குக்காக மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

அத்தை மேடைக்குப் போனாள். ஊக்கை உள்ளே தள்ளினாள். திரும்பி வந்தாள். "இது அவதான? பிளாக் பண்ணு," என்றாள். "இல்லாட்டி அண்ணங்கிட்ட சொல்றேன். கல்யாண ரிஜிஸ்தர்ல சாட்சிக் கையெழுத்து போடாமயே எந்திரிச்சுருவாரு."

பொத்தானைத் தன் விரல் அழுத்தவில்லை, அத்தைதான் பிடுங்கி அழுத்தினாள் என்கிறான் தம்பி. அவன்தான் அழுத்தினான் என்கிறாள் அத்தை. யார் விரலாக இருந்தாலும், ஒருத்திக்காக ஆரம்பித்த நேரலை அந்த ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் ஓடிக்கொண்டிருந்தது. படம் ஆடவில்லை. வெளிச்சம் அருமை.

(மகளைப் பற்றி ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவள் கேமராவை ஒருமுறை நேராகப் பார்த்தாள். தெரிந்து பார்த்தாளா என்று நான் எழுதினால் அது பொய்.)

6.

மூன்றாம் வடிவம்.

முதல் நாள் சாயங்காலம் அக்கா தானாக வந்து சொன்னாள். "உங்களுக்கு மட்டும் சொல்றேன். நாளைக்கு எம் பொண்ணப் பாக்கப் போறேன்."

"எனக்கும் லிங்க் அனுப்புங்களேன். இங்கிருந்தே ஆசீர்வாதம் பண்றேன்."

அனுப்பினாள். நான் இரண்டே இரண்டு பேருக்குத்தான் அனுப்பினேன். இருவரும் யாரிடமும் சொல்லாதவர்கள். என்னைப் போல.

ஐந்தாவது விஷயம் இதுதான்: வாயில்லாத பக்கத்து வீடு.

7.

இப்போது முடிவு. என்னிடம் இரண்டு இருந்தன, இரண்டையும் கிழித்துவிட்டேன். ஒன்றில் அக்கா மண்டபத்துக்கே ஓடினாள். இன்னொன்றில் என்னை மன்னித்தாள். இரண்டுமே நான் தூங்குவதற்காக எழுதியவை.

நடந்ததை மட்டும் தருகிறேன். பத்து இருபதுக்கு என் கதவு தட்டப்பட்டது.

"உங்க வீட்ல நெட் வருதா? எனக்கு நின்னு போச்சுங்க. கையெழுத்து போடற நேரம். கொஞ்சம் பாருங்களேன்."

என் கையில் போன். அதில் அவள் மகள் பேனாவை எடுத்துக்கொண்டிருக்கிறாள். பூச்சாடிக்குள் இருக்கும் மைக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. முப்பது விநாடி பிந்தி, அத்தையின் குரல் இப்போதுதான் என் வீட்டுக்குள் வந்து சேர்கிறது: "இது அவதான? பிளாக்—"

சுவரைப் போலவே எங்கள் கதவும் மெலிது.

ஒலியைக் குறைத்தேன். அதுவரைதான் என்னால் எழுத முடிகிறது. தாழ்ப்பாள் உங்கள் பக்கம் இருக்கிறது. அவள் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.