தலையணைக்குப் போகாத பஞ்சு

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காமல் என்னால் இருக்க முடியாது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் தலையணைக் கூடத்துக்கு நான்தான் மேற்பார்வை. பன்னிரண்டு பெண்கள் பஞ்சு அடைப்பார்கள், தைப்பார்கள். மாதத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கி வருவார்கள். அன்று மட்டும் ஆளுக்கு ஒரு கைப்பிடிப் பஞ்சு மூட்டையிலிருந்து மாயமாகும்.

கைப்பிடிப் பஞ்சால் குடி முழுகிவிடாதுதான். ஆனால் எதற்கு என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. காதுக்கா? காயத்துக்கா? குழந்தைக்குப் பொம்மை செய்கிறார்களா? கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி சிரித்து மழுப்பினார்கள்.

இந்த மாதம் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். கையும் களவுமாக மாட்டியவள், நாங்கள் நெட்டை என்று கூப்பிடும் உயரமான பெண். வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பள்ளி விட்டு வந்த ஒன்பது வயது மகளும் கூட இருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

நெட்டை பஞ்சுக் கையைப் பின்னால் மறைத்தாள். மகள்தான் இரண்டு மாத்திரை டப்பாக்களை எடுத்து என் காதருகே ஆட்டிக் காட்டினாள். ஒன்று கலகலத்தது. மற்றது கப்சிப்.

"இது அம்மாவோடது, பஞ்சு வச்சாச்சு. இது என்னோடது, இன்னும் வைக்கல பெரியம்மா."

"மாமியார் வீட்ல பைய எடுத்தாலே இந்தச் சத்தம்தாங்க்கா காட்டிக் கொடுத்துச்சு," என்றாள் நெட்டை. "என்ன மாத்திரன்னு தோண்டித் தோண்டிக் கேட்டாங்க. மறுநாளே எங்க துணிமணி வாசல்ல கெடந்துச்சு. இவ ஸ்கூலும் போச்சு. நாளைக்குப் புது ஸ்கூல்ல மூணு நாள் டூர். ஒரு ரூம்ல எட்டுப் பொண்ணுங்க. மாத்திரைய ஒரு நாள் கூட விடக்கூடாது. பை சத்தம் போட்டா இதுவும் போயிடும்."

தோண்டித் தோண்டிக் கேட்பது யார் பழக்கம் என்று எனக்குத் தெரியாதா? வெட்கமாகப் போய்விட்டது. நல்ல பஞ்சாகப் பார்த்து நானே சிறுமியின் டப்பாவில் அடைத்தேன். எனக்கு எதிலும் அளவு தெரியாது. மாத்திரை எடுக்கவே வழியில்லாமல் போனது. அவள் பாதியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள்.

அந்த மூன்று நாளும் நெட்டை தைத்த தலையணை ஒன்றுகூட நேராக இல்லை. நானே அவற்றைப் பிரித்துத் தைத்தேன்.

மூன்றாம் நாள் மாலை டூர் முடிந்து மகள் துள்ளிக்கொண்டு வந்தாள். நெட்டை அவள் பையைப் பிடுங்கினாள். உள்ளே கலகலவென்று சத்தம்.

"பஞ்சு எங்கடி?"

"மூணு நாளும் மாத்திரைய பாத்ரூம்ல போய் முழுங்கிட்டேம்மா. யாருக்கும் தெரியாது."

"பஞ்சு எங்கன்னு கேட்டேன்."

"பக்கத்துக் கட்டில் பொண்ணு பைய வைக்கும்போது இதே சத்தம் கேட்டுச்சு. அவ பயந்துபோய் சுத்திமுத்திப் பாத்தா. அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல போல. அதான் என் பஞ்ச எடுத்துக் கொடுத்துட்டேன்."

"அப்ப உன்னோடது?"

"சாக்ஸுக்குள்ள வச்சுச் சுருட்டிட்டேன். இன்னிக்குக் கால்ல போட வேற சாக்ஸ் இல்ல, அதான் எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

நெட்டை அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். என் நாக்கு சும்மா இருக்குமா?

"அவளுக்கும் இதே மாத்திரதானா?"

சிறுமி என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"நான் கேக்கல பெரியம்மா."

நான் மூட்டையை அவிழ்த்து இரண்டு கைப்பிடிப் பஞ்சு எடுத்துக் கொடுத்தேன்.